உளுந்து வாடல் நோய் பூஞ்சாணத்தை வட்டாரவாரியா சோதிச்சு ரகம் சொல்லக் கேட்டு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர்.

அனுப்புநர்: மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் பக்கத்து உளுந்து, பயறு விவசாயிகள்.

கலெக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம்ங்க.

சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, வயல் மெழுகு பதத்துல இருக்கும்போதே நெல்லுக்குள்ள உளுந்தும் பயறும் தெளிச்சு விட்டு, மிச்ச ஈரத்துலயும் பனியிலயும் எடுக்குற வெள்ளாமை எங்களோடது. நெல்லுக்கு வாங்குன கடனை அடைக்கிறது இந்த உளுந்து காசுதான். அதுதான் பூ எடுக்குற நேரத்துல திட்டு திட்டா வாடி காயுது, ஒரு வயல்ல முழுசா போகுது, வரப்பு தாண்டி அடுத்த வயல்ல அதே ரகம் பச்சையா நிக்குது.

கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில்தான் வருது, வாடல் நோய், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அதாவது நோய் பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பூஞ்சாணம், கலந்து விதைங்கன்னு. நல்ல மருந்துதான், வேணாம்னு சொல்லல. ஆனா வாடுற செடி எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணு இல்லைங்க. தண்டை நீளவாக்குல கிழிச்சா உள்ள பழுப்பு கோடு ஓடுச்சுன்னா அது ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சாணம், தண்ணி போற குழாயை அடைச்சு செடியை சாய்க்கும். வேர் பட்டை நார் நாரா உரிஞ்சு உள்ள கறுப்பு புள்ளி இருந்தா அது மேக்ரோபோமினாங்கிற வேற பூஞ்சாணம், அதால வர்றது வேரழுகல், அது மாசி பங்குனி வெயில்ல ஈரம் வத்தினதும்தான் வேகம் எடுக்கும். ரெண்டையும் ஒரே பேர்ல வாடல்னு எழுதிட்டு போனா எப்படிங்க சரியாகும்?

இதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு, அதுதான் இந்த மனுவுக்கே காரணம். ஃபியூசேரியம்னு ஒரே பேர் இருந்தாலும் அதுக்குள்ளயே பல ஸ்ட்ரெயின், அதாவது உள் இனம் இருக்கு. கொண்டைக்கடலைல 1982லயே ஹைதராபாத் பக்கத்து பட்டாஞ்செருவுல இருக்குற இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல ஹவாரே, நேனேன்னு ரெண்டு விஞ்ஞானிங்க நம்ம நாட்டுலயே நாலு இனம் இருக்குன்னு காட்டினாங்க, இப்ப உலகத்துல மொத்தம் எட்டு இனம்னு பிரிச்சிருக்காங்க, சில இனம் செடியை மெதுவா மஞ்சளாக்கும், சிலது சட்டுனு வாட வைக்கும். எப்படி கண்டுபிடிச்சாங்கன்னா, குறிப்பிட்ட சில ரகங்களை வரிசையா வளத்து ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் தனித்தனியா ஏத்தி எது சாகுது எது நிக்குதுன்னு பாத்தாங்க, அவ்வளவுதான். துவரையிலயும் ஒரு ஊர்ல வாடலை தாங்குன ரகம் இன்னொரு ஊர்ல சாயுறதை பாத்திருக்காங்க. லேப்ல வச்சு பாத்தாலும் ஒரே டிரைக்கோடெர்மா எல்லா ஸ்ட்ரெயினையும் ஒரே மாதிரி அடக்குறது இல்ல. நம்ம உளுந்துக்கு மட்டும் மாவட்டம் பூரா ஒரே ரகம், ஒரே சிபாரிசுன்னு இருந்தா அது யார் வயலுக்கு பொருந்துது, யார் வயலுக்கு பொருந்தலன்னு யாருக்குமே தெரியாது.

கொண்டைக்கடலையை வாட வைக்கிற பூஞ்சாணம் பயிரே இல்லாத மண்ணுல 6 வருஷம் வரைக்கும் உசிரோட கிடக்குதுன்னு சொல்றாங்க. நம்ம வயல்ல அறுப்பு மெஷின் சக்கரத்துல ஒட்டுன மண்ணு ஊர் விட்டு ஊர் போகுது, விதையும் கைமாத்தா போகுது, அதனால இந்த வருஷம் திட்டா இருக்குறது எங்க போய் நிக்கும்னு நினைச்சா வயிறு எரியுதுங்க.

அதனால ஐயா, இந்த தை பட்டத்துலயே ஒவ்வொரு வட்டாரத்துலயும் வாடுற செடியை சாம்பிள் எடுக்க சொல்லணும். முழுசா காஞ்ச செடி வேணாம், அதுல வேற பூஞ்சாணம் ஏறிடும், பாதி வாடுனதா வேரோட எடுத்து பேப்பர் கவர்ல போடணும், பாலிதீன்ல போட்டா அழுகிடும். ஊர், ரகம், விதை எங்க வாங்குனது எல்லாம் கவர் மேல எழுதணும். அதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துக்கும் அனுப்பி பூஞ்சாணத்தை பிரிச்சு, ஆடுதுறை 3, ஆடுதுறை 5, வம்பன் 8 மாதிரி நாங்க விதைக்கிற ரகங்க மேல ஒவ்வொண்ணா ஏத்தி பாக்க சொல்லணும். எந்த வட்டாரத்துக்கு எந்த ரகம், எந்த டிரைக்கோடெர்மான்னு வர்ற ரிப்போர்ட் அடுத்த பட்டத்து விதை விநியோகத்துக்கு முன்னாடி வந்தா போதும், விதைச்ச பிறகு வந்தா எங்களுக்கு பிரயோசனம் இல்ல.

சாம்பிள் எடுக்க வயல் காட்ட நாங்க தயார், ஊருக்கு ரெண்டு பேர் கூடவே வருவோம். குறைதீர்க்கும் கூட்டத்துல இதுக்கு எந்த அதிகாரி பொறுப்பு, எந்த தேதிக்குள்ளன்னு சொல்லணும்னு பணிவா கேட்டுக்கிறோம்.

இப்படிக்கு,
உளுந்து, பயறு விவசாயிகள்