மகப்பேறு செவிலியம் படிக்க வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழோடு வந்த கல்வி இணைப்பில் பட்டப் படிப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். மகப்பேறு செவிலியத்துக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தீர்கள்: ‘குழந்தைகளை நேசிப்பவர்களுக்கு ஏற்ற படிப்பு. வேலைவாய்ப்பு உறுதி.’ நான் 23 ஆண்டுகளாகப் பிரசவம் பார்க்கிறேன். அதில் 14 ஆண்டுகளாகப் பல்கலைக்கழக மாணவிகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்த இரண்டு வரியை மட்டும் நம்பி ஒரு பெண் விண்ணப்பம் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கை நேர்காணலில் “ஏம்மா இந்தப் படிப்பு?” என்று கேட்டால், “எனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும் மேடம்” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குழந்தை பிறந்ததும் துடைத்துத் தாயின் மார்பில் போட்டுவிடுகிறோம். அதற்கு முன்னால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நம் பொறுப்பில் இருப்பவள் அந்தப் பெண். வலியில் நம் கையை நகம் பதியப் பிடிப்பாள். திட்டுவாள். “என்னால முடியாது, விட்டுடுங்க” என்று அழுவாள். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நிற்கப் பிடிக்கிறதா என்பதைத்தான் விண்ணப்பிக்கும் முன் ஒரு மாணவி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சில நாள் குழந்தை அழாமலே போகும். அப்போது அந்த அம்மாவிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது, குழந்தையை அவள் கையில் எப்படிக் கொடுப்பது என்பதும் இந்தப் படிப்புக்குள்தான் வருகிறது. முதல் முறை அப்படி ஒரு குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றிய என் மாணவி, கடைசிவரை அதன் தலையைத் தாங்கியே பிடித்திருந்தாள். உயிருள்ள பிள்ளையைப் பிடிப்பது போலவே. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

நம் மொழியில் பிரசவம் ‘பார்ப்பது’ என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. உள்ளபடியே வேலையில் பெரும்பகுதி பார்ப்பதுதான். மூச்சு எப்படி மாறுகிறது, இரண்டு வலிக்கு நடுவில் அவள் தூங்குகிறாளா, முகம் வெளுக்கிறதா, பனிக்குடம் உடைந்து வந்த நீர் என்ன நிறம். எல்லாம் சரியாகப் போகும் பிரசவத்தை மகப்பேறு செவிலி, அதாவது மிட்வைஃப், தன் பொறுப்பிலேயே நடத்துகிறாள். சரியில்லாததை முதலில் கண்டுபிடித்து மருத்துவரைக் கூப்பிடுகிறவளும் அவளே. “டாக்டர் சீட்டு கிடைக்காதவங்க படிக்கிறதா மேடம் இது?” என்று பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. இது தனித் தொழில், தனிப் படிப்பு.

மிட்வைஃப்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்த கல்வித் தரத்தின்படி, பள்ளி முடித்து நேரடியாகச் சேர்கிறவர்களுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்குக் குறைந்தது 18 மாதங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி எண்ணிக்கையே சொல்கிறது: ஒரு மாணவி கர்ப்பிணிகளுக்கு 100 பரிசோதனைகளாவது செய்திருக்க வேண்டும், 40 பிரசவங்களையாவது தானே நடத்தியிருக்க வேண்டும், பிரசவம் முடிந்த 100 தாய்மாரையும் சிசுக்களையுமாவது பரிசோதித்திருக்க வேண்டும். உடற்கூறியல், மருந்தியல், உளவியல், சட்டம், ஆய்வு முறை எல்லாம் வகுப்பில் நடக்கும். அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. புத்திசாலிப் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். என் கவலை அந்த 40 பற்றியது.

நான் முதன்முதலாக ஒரு வயிற்றில் கை வைத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பாடம் மனப்பாடம். ஆனால் விரலுக்கு எதுவும் புரியவில்லை. பதற்றத்தில் விரல் நுனியால் குத்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மா முகம் சுளித்தார். என் ஆசிரியை தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, என் கையின் மேல் வைத்தார். “விரல் அவசரப்படுது. தட்டையா வை. இப்போ நிறுத்து” என்றார். அவர் கை அழுத்த என் கை அழுந்தியது. இடப் பக்கம் வழவழவென்று நீளமாக ஒரு திண்மை. வலப் பக்கம் முண்டு முண்டாக ஏதோ நழுவியது. “இது முதுகு. அது கையும் காலும்” என்றார். பிறகு மரக்குழலை முதுகுப் பக்கம் வைத்துக் காதைக் கொடுத்தேன். துடிப்பு கேட்டது. உடனே அவர் என் இன்னொரு கையை எடுத்து அந்த அம்மாவின் மணிக்கட்டில் வைத்தார். காதில் கேட்பதும் விரலில் படுவதும் ஒரே தாளத்தில் இருந்தால் நீ கேட்பது அம்மாவின் நாடி, குழந்தையுடையது இல்லை என்றார். குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்க்கக் கற்றது அவர் கையிலிருந்து.

இதற்கு ஒரு ஆசிரியைக்கு ஒரு மாணவி வேண்டும். இரண்டு பேர் என்றாலும் சமாளிக்கலாம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் சேர்க்கை இடங்களை இரட்டிப்பாக்கினார்கள். பிரசவ அறையில் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு மாணவிகள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, “எல்லாரும் இருக்கணுமா சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். நான்கு பேரை வெளியே அனுப்பினேன். பாவம், அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. நோட்டை நிரப்ப வேண்டும், பட்டம் வாங்க வேண்டும். அடுத்த மாதம் கையெழுத்துக்கு வந்த பதிவேடுகளைப் பார்த்தேன். ஓரமாக நின்று எட்டிப் பார்த்த பிரசவமெல்லாம் ‘தானே நடத்தியது’ என்ற பத்தியில் ஏறியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஒருவர் போட்டார். அந்த ஆண்டு தேர்ச்சி விகிதம் நன்றாகவே இருந்தது. ஆறு மாதத்தில் நான் அங்கிருந்து விலகிவிட்டேன்.

அந்த எட்டிப் பார்த்த பிரசவங்களில் அவர்கள் எதைக் கற்காமல் போனார்கள் என்பதற்கு வேறொரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிஃப்ட். சுகப்பிரசவம். நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்த்தாயிற்று. எல்லார் கண்ணும் குழந்தை மேல். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இரண்டு முறை கொட்டாவி விட்டாள், தண்ணீர் கேட்டாள், காலை மாற்றி மாற்றி வைத்தாள். மாணவி போர்வையைத் தூக்கினாள். இடுப்புக்குக் கீழே சத்தமில்லாமல் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தாள். இறுகிய பந்து போல இருக்க வேண்டிய கர்ப்பப்பை பஞ்சு மாதிரி அமுங்கியது. ஒரு கையால் அதைத் தேய்த்துக்கொண்டே மறு கையால் அழைப்பு மணியை அழுத்தினாள். ஆக்ஸிடோசின் மருந்து ஏறியது, கர்ப்பப்பை இறுகியது. நனைந்த துணிகளை எடை போட்டுப் பார்த்தபோது 700 மில்லிக்கு மேல் போயிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லி என்பதே அபாய எல்லை.

“எப்படிம்மா தோணுச்சு?” என்று விடிந்ததும் கேட்டேன். “அந்த அக்கா கால் மணிக்கு ஒரு தடவை போர்வையத் தூக்கிப் பார்ப்பாங்க மேடம். பதினோரு நைட் அவங்க கூட இருந்தேன். கை தானா போச்சு” என்றாள். அக்கா என்றது அங்கே பணியில் இருந்த மூத்த மிட்வைஃபை. கண் மதிப்பில் ரத்தப்போக்கு பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து பார்ப்பதன் பயனைக் காட்டியது. அளவு குறித்த விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, உடனே ஒரு தொகுப்பாகச் சிகிச்சை தந்ததில், கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அளக்க விரிப்பு இருந்தாலும் அதைப் பார்க்க ஒருத்தி வேண்டும்.

முதல் வாரம் நான் நடத்தும் பாடம் கை கழுவுவது. கூடவே வியன்னா கதையையும் சொல்வேன். 1846-இல் அங்கே ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சி மாணவிகள் பயின்ற பிரிவில் 3 பேருக்கும் குறைவு. பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவ மாணவர்கள் பிரசவத்துக்கு வந்ததுதான் வித்தியாசம் என்று அங்கே வேலை பார்த்த மருத்துவர் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847-இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். மரணம் இறங்கியது. கதை முடிந்ததும் மாணவிகள் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுக்கலாமே என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. கொடுக்கத்தான் வேண்டும். தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவத்தை நிஜத்தில் முதல் முறை சந்திக்கும் மாணவி, முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கச் சொல்வதையும், பூப்பெலும்புக்கு மேல் அழுத்தச் சொல்வதையும் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. பிரான்சில் 1759-லேயே அரசர் ஆணையோடு துணிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தினார் மருத்துவச்சி மேடம் டு கூத்ரே. ஆகவே இது நேற்று வந்த யோசனையும் அல்ல. ஆனால் பொம்மை கொட்டாவி விடாது, காலை மாற்றி வைக்காது.

இடங்களைக் கூட்டுவதன் நியாயம் எனக்குத் தெரியும். உலக அளவில் 9 லட்சம் மிட்வைஃப்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று 2021-இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் உலக சுகாதார நிறுவனமும் மேலே சொன்ன கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. 2023-இல் மட்டும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆள் வேண்டும், சீக்கிரம் வேண்டும். அதனால்தான் பயிற்சி தரும் மூத்தவர்களை முதலில் கூட்டுங்கள் என்கிறேன். அவர்களுக்குக் கற்பிக்க நேரம் கொடுங்கள். ஏழு பிரசவத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டே மாணவிக்குச் சொல்லியும் கொடு என்றால் எந்தக் கையை அவள் மேல் வைப்பது?

சேர நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது கட்டடத்தையும் ஆய்வகத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிரசவ அறையில் ஒரு பயிற்றுநரோடு எத்தனை மாணவிகள் நிற்பார்கள், இரவு ஷிஃப்டில் யார் கூட இருப்பார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பிரசவத்தில் உடன் இருந்தவர்தானா என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியாகப் பார்க்க முடிந்தால் அவளிடமும் இதையே கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டும் இந்தப் பட்டியலை வெளியிடுவீர்கள். அதில் கட்டணம், இடங்கள், தேர்ச்சி விகிதம் என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. நான்காவதாக ‘ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்’ என்று ஒரு பத்தி சேருங்கள். பல்கலைக்கழகங்கள் அந்த எண்ணைத் தர மறுத்தால், இடத்தைக் காலியாகவே விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு செவிலியப் பயிற்றுநர் ஒருவர்