லிசாவிலிருந்து இரண்டாம் முறையும் விலகாதீர்கள்

நாசா நிர்வாகத்தினருக்கும், அமெரிக்க காங்கிரஸின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் முன்மொழிவில், ஈர்ப்பலைகளை, அதாவது கால-வெளியில் பரவும் நுண்ணிய நெளிவுகளை, விண்வெளியிலிருந்து பதிவுசெய்ய ஐரோப்பிய விண்வெளி முகமை உருவாக்கும் லிசா திட்டத்துக்கான நாசாவின் பங்களிப்பை நிறுத்தும் யோசனையைக் கண்டது முதல் ஈர்ப்பலை ஆய்வில் இருக்கும் எங்களுக்கு நிம்மதி இல்லை. முன்மொழிவு வேறு, முடிவு வேறு என்பதை அறிவோம். ஆனால் 2011-இல் நிதியைக் காரணம் காட்டி இதே கூட்டு முயற்சியிலிருந்து நாசா விலகியதும், ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டத்தைச் சுருக்கி மறுபடி வரைய நேர்ந்ததும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எச்.எம். கான்கிரி என்னும் இணையில் இரண்டு வெண்குறுமீன்கள் (எரிந்து முடிந்த விண்மீன்களின் அடர்ந்த எச்சங்கள்) ஐந்தரை நிமிடத்துக்குள் ஒன்றையொன்று சுற்றிவிடுகின்றன. 2019-இல் அறிவிக்கப்பட்ட வேறோர் இணைக்கு ஏறத்தாழ 7 நிமிடங்கள் ஆகின்றன. ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழப்பதால் அதன் சுற்றுக்காலம் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கூறும் வேகத்திலேயே குறைந்துவருவதைத் தொலைநோக்கிகள் அளந்துவிட்டன. அதாவது, இத்தகைய இணைகளின் ஈர்ப்பலைகள் எங்கிருந்து, எந்த அதிர்வெண்ணில் வருகின்றன என்பது முன்கூட்டியே தெரியும்; இருந்தும் அவற்றை எவரும் நேரடியாகப் பதிவுசெய்ததில்லை. சில மில்லிஹெர்ட்ஸ் அளவிலான, அதாவது ஓர் அதிர்வுக்குச் சில நிமிடங்கள் எடுக்கும் அந்த அலைகளைத் தரையின் ஓயாத நடுக்கம் மூழ்கடித்துவிடுவதால், தரையிலுள்ள ஈர்ப்பலைக் கருவியான லைகோவை எவ்வளவு மேம்படுத்தினாலும் அவை அதற்கு எட்டா. அதனால்தான் லிசாவின் மூன்று விண்கலங்கள் 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் பறந்து, தமக்கிடையிலான தொலைவின் மாற்றத்தை லேசர் ஒளியால் அளக்கவிருக்கின்றன.

அந்தக் கலங்களுக்கான லேசர்களும், தொலைநோக்கிகளும், உள்ளே மிதக்கும் பொன்-பிளாட்டினக் கட்டிகளில் சேரும் மின்னூட்டத்தை நீக்கும் சாதனமும் நாசா தரவேண்டியவை. அவ்வளவு தொலைவு கடந்து வந்துசேரும் லேசர் ஒளி, ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இராது. அதைத் திரட்டும் தொலைநோக்கியைக் கடைசி நேரத்தில் வேறொருவரிடம் கேட்டு வாங்கிவிட முடியாது. ஆகவே பங்களிப்பை நிறுத்தாதீர்கள் என்று கேட்கிறோம்.

2011-இல் ஆய்வு மாணவர்களாக இருந்தவர்கள் இன்று மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். 2035-இல் ஏவத் திட்டமிடப்பட்ட கருவியை நம்பி இத்துறையில் இறங்கலாமா என்று அம்மாணவர்கள் கேட்கும்போது, இயற்பியலில் ஐயமில்லை, உங்கள் ஒதுக்கீட்டில்தான் ஐயம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது. லிசாவின் தொழில்நுட்பத்தைச் சோதிக்கும் கலமான லிசா பாத்ஃபைண்டர் 2015 டிசம்பரில் ஏவப்பட்டு, எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இயங்கி, இந்தத் தொழில்நுட்பம் சாத்தியம் என்பதை நிறுவியது. 2024 ஜனவரியில் ஐரோப்பா திட்டத்தை முறைப்படி ஏற்றது. இதற்கு மேலும் எதை நிரூபிக்கவேண்டும்? பல பத்தாண்டு உழைப்பை ஆண்டுதோறும் ஒரு வரவுசெலவுப் பட்டியலில் பணயம் வைப்பது, உங்கள் சொல்லை நம்பித் தங்கள் பாகங்களைச் செய்துவரும் நாடுகளுக்கு இழைக்கும் அநீதி.

லேசர்கள், தொலைநோக்கிகள், மின்னூட்ட நீக்கச் சாதனம் ஆகிய மூன்றுக்கும், அவை ஒப்படைக்கப்படும் வரை தொடரும் நிதியை உறுதிசெய்து, அதை வெளிப்படையாக அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஈர்ப்பலை ஆய்வாளர் ஒருவர்