பிடியரிசியும் கால் புண்ணும்: எங்கள் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், உபதேசியார்களுக்கும், வீடு வீடாக வந்து ஜெபிக்கும் ஜெபக்குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம். நான் தேரிக்காட்டுப் பக்கத்து ஆள். மூன்று தலைமுறையாகக் கோயில் மணி கேட்டு எழும்புகிற குடும்பம். யாரையும் பேர் சொல்லிக் குறை கூற இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது வேறு வீடுகளிலும் நடக்கிறது என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. போன சித்திரையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிய உச்சிவெயில் ஆகிவிட்டது. செருப்பை வழக்கம்போல வெளிக்கேட்டில் கழற்றிப் போட்டிருந்தார். சித்திரைச் செம்மண்ணில் வெறுங்காலோடு நின்றால் நாமெல்லாம் குதித்து ஓடுவோம். அம்மா நின்று நிதானமாக நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வந்தார். அவருக்குச் சுடவில்லை. ராத்திரி கால் கழுவும்போது நான்தான் கொப்புளத்தைப் பார்த்தேன்.

கொப்புளம் புண்ணானது. பத்தாம் நாள் ஜெபக்குழு வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு அக்கா ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். பாடினார்கள், ஜெபித்தார்கள். அப்புறம் மூத்தவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயே, அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது உள்ளே கெடக்கா? யோசிச்சுப் பாருங்க, தடை அங்கதான் இருக்கும்" என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "ஊசியை நம்பாதீங்க, கர்த்தரை நம்புங்க."

அம்மா யோசித்தார். மூன்றாம் நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டார். "எய்யா, அந்த அரிசிதான்" என்றார். எந்த அரிசி என்று எனக்கு விளங்கவில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவார்களே, அந்தப் பிடியரிசி. நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கையில் அப்பா பனையிலிருந்து விழுந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது வீட்டில் ஒன்றுமில்லாமல் அந்தப் பானை அரிசியை எடுத்து எங்களுக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார். "திருப்பிப் போடவேயில்ல. அதான் கர்த்தர் கால்ல கேக்குறாரு."

நாற்பது வருஷத்துக்கு முந்தைய கஞ்சி. குடித்தவன் நான்.

பசித்தபோது தாவீது, ஆசாரியர் மட்டுமே தின்னக்கூடிய தேவசமுகத்து அப்பத்தைத் தின்றான் என்று இயேசு சொல்லவில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு அந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றோடு ஊசியையும் நிறுத்தியிருக்கிறார். ஃபிரிட்ஜில் இன்சுலின் அளவு குறையாமல் இருப்பதை நான் கவனித்தபோது ஒன்பது நாள் ஓடியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதனால் பழியை உங்கள் தலையில் கட்ட எனக்கு வழியில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்டது நீங்கள்தான்.

அதே கேள்வியைச் சீஷர்களும் கேட்டார்கள். பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்றார்கள். இரண்டுமில்லை என்றுவிட்டு ஆண்டவர் துப்பிச் சேறு குழைக்கப் போய்விட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும் அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்றார். பவுலைப் பாருங்கள். அவர் உடம்பில் பட்ட உறுமாலை, அதாவது கைத்துணியை, போட்டாலே நோய் போனது என்று எழுதியிருக்கிறது. அதே பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்றும் எழுதுகிறார். விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் இதுவரை கேட்டதில்லை.

உன் பாவம்தான் உன் துன்பத்துக்குக் காரணம் என்று யோபுவிடம் சொன்ன சிநேகிதர்களைத் திட்டித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் அவர்களும் முதல் ஏழு நாள் சரியாகத்தான் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்து. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஆரஞ்சோடு நிறுத்தியிருந்தால் போதும்.

இன்னொன்று, செருப்பு. கொல்லிமலையில் மருத்துவமும் ஊழியமும் செய்த ஜெசி பிராண்ட் 1929இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். (அவரிடம் யாராவது அறிக்கை செய்யாத பாவத்தைக் கேட்டிருப்பார்களா?) அந்த மலையிலேயே பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், 1946இல் டாக்டராக வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் தேய்ந்துபோகின்றன என்று கண்டுகாட்டினார். ஊரெல்லாம் சாபம் என்று சொன்ன நோயில் அவர் பார்த்தது செத்துப்போன நரம்பை. அதற்கு அவரும் கூட இருந்தவர்களும் வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் செய்த வேலைகளில் ஒன்று, மெத்தென்ற ரப்பரில் செருப்பு. அந்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பைத்தான் இப்போது அம்மாவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேகூடக் கழற்றக் கூடாதாம்.

கோயிலுக்குள் அதைப் போட விடுங்கள். மோசேயிடம் கர்த்தர் பாதரட்சையைக் கழற்றச் சொன்னாரே என்பீர்கள். மோசேக்குச் சர்க்கரை இருந்ததாக வேதத்தில் இல்லை. சபையில் அம்மாவைப் போல எத்தனை பேர் என்று ஒரு ஞாயிறு கேட்டுப் பாருங்கள், கை தூக்குவார்கள். ஜெபிக்கப் போகிற வீட்டில், "மருந்து ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்பதையும் கேளுங்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே கைவைத்தியம் சொன்னவர்தான்.

ஏன் அம்மாவுக்கு இப்படி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சரி, இருவருமாகத் தெரியாமல் இருப்போம்.

அம்மா இப்போது கோயிலுக்கு வருவதில்லை. வெறுங்காலோடு போக டாக்டர் விடவில்லை, செருப்போடு போக அவருக்கு மனசில்லை. "ஐயர் சொன்னாப் போவேன்" என்கிறார், போதகரைத்தான் அப்படிச் சொல்வார். உலை வைக்கும்போது மட்டும் அந்தப் பானையில் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போடுகிறார், பழைய கடனாம். நான் தடுக்கவில்லை. பானை நிறையப் போகிறது, அசனத்துக்கு, அதாவது சபையாரின் பொது விருந்துக்கு, முன்னால் கோயிலில் சேர்க்க வேண்டும். அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து, "செருப்போடயே வாங்கம்மா" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருவன்