குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாலை சீரியலை விட்டுவிட்டு மொட்டை மாடிவரை ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர் வடிகால் தூர் வாருவது பற்றி மாநகராட்சிக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் கோப்பில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் பெரும்பாலும் போனது குழந்தைகளின் பாதுகாப்பில்தான்.

"பெற்றவங்கதானே பிள்ளையைப் பார்த்துக்கணும், சங்கத்துக்கு அதில் என்ன வேலை?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி எந்த அம்மாவின் கட்டுப்பாட்டிலும் இல்லை. நம் ஃபிளாட்டுகளில் சம்ப் இருப்பது கார் நிறுத்தும் இடத்தில். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும் அங்கேதான். கோடையில் தண்ணீர் லாரி வந்தால் மூடியைத் திறந்து குழாயை உள்ளே விடுகிறார்கள். லாரி போன பிறகு மூட வேண்டியது யார் என்றால் வாட்ச்மேன் டிரைவரைக் காட்டுகிறார், டிரைவர் வாட்ச்மேனைக் காட்டுகிறார். மூடிக் கிடப்பதையும் நம்ப முடியாது. இரும்புத் தகடு அடிப்பக்கம் இருந்துதான் துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே அப்பளமாக நொறுங்கும்.

அதனால் செயற்குழுவினர் கட்டடம் கட்டடமாகப் போய் மூடிகளைத் தூக்கிப் பார்த்தோம். உளுத்தவற்றை மாற்றச் சொன்னோம், எல்லாவற்றுக்கும் பூட்டு போடச் சொன்னோம். மூடிக்குக் கீழே ஒரு கம்பி வலையும் இருந்தால் மூடி திறந்திருக்கும் நேரத்திலும் பிள்ளை உள்ளே விழாது. லாரிக் குழாய் நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டால் போதும். சம்ப் கழுவுகிறவர் எப்படி இறங்குவார் என்று ஆட்சேபம் வந்தது. வலைக்கும் கீல் வைத்துப் பூட்டலாம், அவ்வளவுதான். இன்னும் ஒப்புக்கொள்ளாத கட்டடங்கள் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதையும் வாட்ச்மேன்களிடம் சொல்லியிருக்கிறோம்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், செவிலியர், ஒரு மாலை முழுக்க நம்மோடு பேசினார். இந்த ஆண்டின் உருப்படியான கூட்டம் அதுதான் என்பது என் கருத்து. சைக்கிள் வண்டியில் வருகிறவரிடம் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டிப் பினாயிலும் ஆசிட்டும் வாங்குகிறோமே, அதை முதலில் நிறுத்தச் சொன்னார். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது புண்ணாக்கியது வெளியே வரும்போதும் புண்ணாக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் கற்பூரம் குழந்தைக்குக் கற்கண்டாகத் தெரியும், கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். தாத்தா, பாட்டி சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, ஒன்றே ஒன்று விழுங்கினாலும் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்ட பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். காசு விழுங்கியதற்குச் செய்வதுபோல வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது என்றார். கூட்டத்தில் பல பாட்டிமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சூடுபட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் இதையே நோட்டீசாக அடித்து ஒட்டினோம். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைப் போட வாளியில் மணல் வைத்த தெருக்களில் யாரும் காலைச் சுட்டுக்கொள்ளவில்லை. நேரக் கட்டுப்பாடு, காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்பது, வழக்கம்போல நோட்டீஸ் பலகையில் மட்டுமே இருந்தது.

சங்க அறையில் வைத்திருக்கும் குடும்ப உதவி அலமாரியைப் பற்றி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள் கொடுத்த மாடிப்படி கேட், மேஜை முனை ரப்பர், தொட்டில் கொசுவலை, குழந்தை ஹெல்மெட் ஆகியவற்றை வேண்டியவர்கள் இரவல் வாங்கிப் போகிறார்கள். ஹெல்மெட் கீழே விழுந்ததா என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், அடிபட்டது பயன்படாது. 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தையை டூவீலரில் ஏற்றினால் ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்தே நடப்பில் இருக்கிறது. பள்ளி வாசலில் காலை எட்டரைக்குப் போய் நின்றால் அந்த விதி யாருக்கு எழுதியது என்ற சந்தேகம் வரும். உட்கார வைத்து உருளும் வாக்கரை மட்டும் அலமாரியில் வாங்குவதில்லை. அது படியில் உருளும், அடுப்புவரை போய்விடும், நடக்கப் பழகவும் உதவாது. மர நடைவண்டி வேறு, அதைக் குழந்தை தானே நின்று தள்ளும், தாராளமாகக் கொடுங்கள்.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் அட்டையை எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று: ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவி எண் 1098, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருப்பதையும் அதில் சேர்த்திருக்கிறோம்.

மீதி இருப்பது வாடகை வீடுகள். பால்கனிக்கு கிரில் போடக் கேட்டால் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார்கள் சில உரிமையாளர்கள். குடியிருப்பவர் அடுத்த வருடம் காலி செய்யப் போகும் வீட்டுக்குச் சொந்தக் காசைப் போடத் தயங்குகிறார். இதற்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்க்கும் வயதில் ஒரு குழந்தை. ஆகவே சம்ப் மூடி, பால்கனி கிரில் இரண்டின் செலவும் வீட்டு உரிமையாளருடையது என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கேயே எழுந்து சொல்லிவிடுங்கள்; ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

செயலாளர்