அந்த றேடியோவைப் பற்றி

வெள்ளவத்தை,
ஞாயிறு, விடியப்புறம்.

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு வீட்டுக்கு வர பத்தரை ஆகிவிட்டது. அம்மா கதவைத் திறந்தாள், நனைந்திருந்த சேர்ட்டைப் பார்த்துவிட்டுத் துவாயை நீட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. நித்திரை வரவில்லை. காதுக்குள் இன்னும் கீயென்று ஒரு சத்தம் நிற்கிறது. இதை உனக்குப் போனில் சொல்ல மூன்று தரம் வாயெடுத்தேன். பேரனின் பள்ளிக்கூடம், மெல்பேர்ன் குளிர், என்னுடைய பிறஷர் என்று கதை வேறெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் போனது ஒரு றொக் நிகழ்ச்சிக்கு. இந்த வருசத்தில் இது நாலாவது.

எங்கள் பிளட்டின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுத் தம்பி பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். ஒழுங்குபண்ணிய வாகனம் வரவில்லை. அவனுடைய அம்ப்ளிஃபயர் பெட்டியைப் பார்த்துவிட்டு மூன்று ஓட்டோக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். "அங்கிள், உங்கட பழைய வான் ஓடுமா?" என்று கேட்டான். ஓடியது. இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் என் எண்ணம். டுப்ளிகேஷன் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. படி ஒடுக்கம், பெட்டியை இரண்டு பேர் தூக்கவேண்டும். அப்படித்தான் நான் மேலே போனேன்.

மேடை என்று ஒன்று இல்லை. மேசைகளை மூலையில் அடுக்கிவிட்டு, ட்ரம் வழுக்காமல் இருக்க ஒரு பழைய கம்பளத்தை விரித்திருந்தார்கள். மூன்று குழுக்கள், எல்லாமாக ஐம்பது அறுபது சனம். பெடியள் வயர்களைக் கொழுவி அம்ப்ளிஃபயரைப் போட்டதும் அந்தச் சத்தம் வந்தது, ம்ம்ம் என்று. றேடியோ திருத்துகிற எங்கள் கடையில் நாற்பது வருசம் எங்களுக்குச் சோறு போட்ட சத்தம் அது. நூறு ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு நூறு அதிர்வு என்றால் பவர் சப்ளையில் கரண்டைத் தேக்கிவைக்கிற கண்டென்சர் போய்விட்டது. ஐம்பது என்றால் பெரும்பாலும் எர்த்திலே, கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற வயரிலே, பிழை. எதுவென்று என் காது பார்க்காமலே சொல்லும். இது ஐம்பது.

கிற்றார் வாசிக்கிற பெடியன் எர்த் பின் இல்லாத அடப்டர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பிளக்குக்குக் குனிந்தான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். எர்த்தை வெட்டினால் இரைச்சல் போகும், உண்மைதான். அன்றைக்கு ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயர் பழுதாகிற நாளில், அவன் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது 230 வோல்ட் அவனுக்குள்ளாலேதான் வழி தேடும். மிக்ஸர் ஒரு சுவரிலும் அம்ப்ளிஃபயர் மற்றச் சுவரிலும் கரண்ட் எடுத்ததுதான் பிரச்சினை. எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரைச்சல் நின்றது. மண்டபம் அமைதியான அந்த ஒரு கணத்தில் பெடியள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கடை பூட்டிய பிறகு ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, மகள்.

பிறகு வாசிக்கத் தொடங்கினார்கள். கிற்றார்ப் பெடியன் காலடியில் இருந்த சின்னப் பெட்டியை மிதித்தான். சத்தம் கரகரத்துக் கிழிந்து வந்தது. என் கை தானாகவே வொல்யூமைக் குறைக்கப் போனது. என் தொழிலில் அது ஒரு நோய். வருகிற அலையின் தலையையும் காலையும் அம்ப்ளிஃபயர் தாங்கமாட்டாமல் வெட்டுகிறது என்று அர்த்தம், திருத்தி அனுப்பவேண்டும். இவர்களோ அந்த நோயைத்தான் காசு கொடுத்து வாங்கிக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்ட அலைக்குள் மூலச் சுரத்தில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. அதனால்தான் ஒரே ஒரு கிற்றார் ஒரு அறையையே நிரப்புகிறது. இந்தக் கணக்கு எனக்கு எப்போதோ தெரியும். அது அழகாக இருக்கும் என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. 1964-இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற பெடியன் இந்தச் சத்தத்துக்காகத் தன்னுடைய சின்ன அம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேட்டால் கீறினானாம். திரும்பி வரும்போது வானில் தம்பி சொன்னான். நான் வானை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

2007. உனக்குப் பதினாறு. கடையின் பின் அறையில், திருத்தத் தந்தவர் திரும்பி வராமலே போன, கண்ணாடிக் குழாய் வைத்த ஒரு பழைய வால்வ் றேடியோ இருந்தது. அதன் முதுகில் கிராமபோன் பூட்டுகிற இரண்டு துளைகளை நீ கண்டுபிடித்தாய். சிநேகிதியிடம் வாங்கிய கிற்றாரின் வயரை அதற்குள் செருகி, வொல்யூமை முழுக்கத் திறந்து அடித்தாய். நான் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்து பிளக்கை வயரோடு பிடுங்கினேன். "இந்தக் கத்தல் இனி என்ர காதில விழக்கூடாது" என்று கத்தினேன். வாடிக்கையாளர் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ அழவில்லை. கிற்றாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த றேடியோவுக்குள் சுவர்க் கரண்டைத் தொடவிடாமல் பிரித்துவைக்கிற மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபோர்மர் இல்லை, பிள்ளை. அந்தக் காலத்தில் மலிவுக்காக அப்படியும் செய்தார்கள். சுவரிலிருந்து வருகிற கரண்டின் ஒரு பக்கம் நேரே அந்தத் தகரச் சட்டத்துக்குப் போகும். இரண்டு பின் பிளக்கை மாறிச் செருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். உன் விரலில் இருந்த கம்பிக்கும் அந்தக் கரண்டுக்கும் இடையில் இருந்தது ஐம்பது வருசம் பழசான ஒரு கண்டென்சர் மட்டும்தான். அந்த வயதுக் கண்டென்சர்கள் கரண்ட் கசியும். கசிந்தவற்றை எத்தனையோ தரம் கழற்றி எறிந்திருக்கிறேன். அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நீ என்ன வாசித்தாய் என்றே எனக்குக் கேட்கவில்லை.

இதை அன்று இரவே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது நான் தெரிந்து செய்த வேலை. அதற்கு அடுத்த கிழமைதான் நீ நாரஹேன்பிட்டி ஷாலிகா மண்டபத்தில் நடக்கிற றொக் நிகழ்ச்சிக்குப் போகக் கேட்டாய். அந்த வருசம் எப்படி இருந்தது என்று உனக்கும் தெரியும். ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த எங்கள் சனம் 376 பேரைப் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள், எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியும் நடந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு தமிழ்ப் பெட்டை முதுகில் நீளமான கறுப்புப் பையோடு செக் பொயின்ற்றுகளைக் கடந்து வருவதை நினைத்தாலே என் வயிறு எரிந்தது. "பயமாக இருக்கிறது, போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கு இந்த இசை பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டாய். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். நீ மெல்பேர்னுக்குப் போகும்போது கிற்றாரை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனாய். பதினைந்து வருசத்துக்கு மேலாயிற்று.

உனக்கு நான் சொல்லவேண்டியிருந்தது இதுதான்.

இனி நான் கேட்டவற்றைச் சொல்கிறேன், இதில்தான் எனக்கு இப்போது சந்தோசம். நீ அப்போது ஓயாமல் சொல்லுகிற ஸ்டிக்மாட்டா என்ற எங்கள் நாட்டு மெட்டல் குழுவை இப்போதுதான் கேட்கத் தொடங்கினேன். 2003-இல் வந்த முதல் அல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறேன். கண்டியிலிருந்து வந்த பரனொயிட் ஏர்த்லிங் என்ற குழு எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. அந்தப் பாட்டுக்காரர் ஊர் நடப்பைப் பார்த்துக் கோபப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் போனில் கேட்பது வேறு, அறைக்குள் நின்று கேட்பது வேறு. சின்ன இடத்தில் ட்ரம்முக்கு மைக்கே தேவையில்லை. அதன் சத்தம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவு. ட்ரம்காரன் அடக்கி வாசிக்கத் தெரிந்தவன் என்றால் பாட்டின் சொல் கேட்கும், தெரியாதவன் என்றால் பாடுகிறவர் தொண்டையைக் கிழித்தும் பிரயோசனமில்லை. ஒரு குழு நல்லதா என்று நான் இப்போது முதலில் ட்ரம்காரனின் மணிக்கட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நிற்க நல்ல இடம் மிக்ஸருக்குப் பக்கம். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதே, காதுக்குக் கூடாது.

எல்லாம் பத்து மணிக்கு முடிந்துவிடும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டதும் அதே 2007-இல்தான். அதனால் ஆறரைக்கே தொடங்குகிறார்கள், 100ஆம் நம்பர் பஸ் ஓடுகிற நேரத்திலேயே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசி பாட்டின் கடைசி அடி விழும்போது கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் சேருகிற காசை மூன்று குழுவும் பிரித்தால் கம்பி வாங்கவும் பெற்றோலுக்கும் சரி. 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் தலையணைகளில் ட்ரம் அடித்துப் பழகினோம் என்று தம்பி சொன்னான். உங்களுடைய கொலிங்வூட்டில் டோட் என்ற சின்ன இடத்தை 2010-இல் மூடியபோது சனம் ஆயிரக்கணக்கில் வீதியில் இறங்கியதாமே, அது திரும்பவும் திறந்ததாமே? இங்கே ஒரு மேல்மாடி மூடப்பட்டால் ஒரு வரி கூட எங்கும் வராது. பெடியள் வேறொரு மேல்மாடியைத் தேடிப் போவார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அறுபதுகளில் வாசித்த ஜெட்லைனர்ஸ் குழுவின் காலத்திலிருந்து இந்த ஊரில் மின்சாரக் கிற்றார் ஒலிக்கிறது. தமிழில் நித்தி கனகரத்தினம் பொப் பாடி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இவ்வளவு காலமாக இருக்கிற ஒன்றுக்கு நிலையாக ஒரு சின்ன இடம் வேண்டாமா?

தம்பியின் குழுவுக்கு இன்னும் பெயர் நிலைக்கவில்லை, இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள். பாட்டுகள் ஆங்கிலம், கொஞ்சம் சிங்களம். இப்போது ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறான். பாடுகிறவள் நுகேகொடைப் பிள்ளை, சிங்கள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறாள். பாட்டில் 'மழை' வருகிறது, அவள் வாயில் அது 'மலை' ஆகிவிடுகிறது. போன கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அரை மணித்தியாலம் நாக்கை மடித்துக் காட்டினேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் இருந்து சொல்லிக் கொடுத்தாள். நேற்று அந்தச் சொல் நாலு தரம் வந்தது. முதல் மூன்றும் மலை. நாலாவது, ட்ரம் நின்று அவள் தனியாகப் பாடுகிற இடத்தில், சுத்தமான மழை. அந்தச் சனத்துக்குள் எத்தனை பேருக்கு வித்தியாசம் விளங்கியதோ தெரியாது. தம்பி மட்டும் பேஸிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைத் தேடினான்.

வீட்டுப் பின் அறை மேசையில் இப்போது ஒரு வேலை நடக்கிறது. கடை பூட்டும்போது கொண்டுவந்த சாமான்களுக்குள் ஈ.எல்.84 வால்வ் இரண்டு அகப்பட்டது. ஐரோப்பியப் பழைய றேடியோக்களில் சத்தத்தை வெளியே தள்ளுவது அதுதான். கிற்றார்க்காரர் கொண்டாடுகிற வொக்ஸ் ஏ.சி.30 என்ற அம்ப்ளிஃபயருக்குள் இருப்பதும் அதே வால்வ், அதில் நாலு. ஒரு வால்வில் ஐந்து வோட்ஸுக்குக் கொஞ்சம் மேலே வரும், ஒரு அறைக்கு அது தாராளம். உனக்காகச் சின்ன அம்ப்ளிஃபயர் ஒன்று கட்டுகிறேன். மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபோர்மர் போட்டிருக்கிறேன். கண்டென்சர் எல்லாம் புதிது. எர்த் வயரை முதலில் ஆணியில் இறுக்கிவிட்டு, அதன் மேல் ஈயமும் வைத்தேன். தம்பி வாசித்துப் பார்த்தான். வொல்யூம் முக்கால்வாசி தாண்டியதும் அது கரகரக்கத் தொடங்குகிறது. அதை நான் திருத்தப் போவதில்லை.

மார்கழியில் வருகிறீர்கள்தானே? கிற்றாரை அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டேன். கழுத்து வளையவில்லை. கம்பி ஆறும் துருப்பிடித்துவிட்டது, மாற்றவேண்டும். கடையில் 9, 10 என்று கனம் கேட்கிறார்கள். 10 போட்டால் சத்தம் திரட்சியாக வருமாம், கனகாலம் விட்டுவிட்டுத் திரும்ப வாசிக்கிற விரலுக்கு 9 நோகாதாம். உனக்கு எது வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா