வெளியார் வந்தால்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வெள்ளவத்தையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும் நமது வாசிப்பு வட்டத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். மாதம் ஒரு தலைப்பு என்று சிதறாமல் ஆண்டு முழுக்க ஒன்றையே எடுப்போம் என்று முடிவெடுத்து, சீட்டுக் குலுக்கினோம். வேற்றுக்கிரகத்தார் படையெடுத்தால் பூமி எப்படித் தற்காத்துக்கொள்ளும் என்ற சீட்டு விழுந்தது. எழுதிப் போட்டவர் ஏ.எல். படிக்கும் உறுப்பினர் ஒருவர். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சிரிப்பு ஜனவரியிலேயே அடங்கிவிட்டது. “பூமிக்கான இராணுவத் தந்திரோபாயம்” என்று அறிவித்தல் அடித்து மண்டப வாசலில் ஒட்டியிருந்தோம். மறுநாள் காலையில் மண்டபப் பொறுப்பாளர் அழைத்தார். “ஐயா, அந்தத் தாளைக் கொஞ்சம் கழட்டிவிடுங்கோ. ஆராவது வந்து விசாரிச்சால் நான் என்ன சொல்லுறது?” அவரில் பிழை இல்லை. இந்த ஊரில் தமிழில் அப்படி எழுதி ஒட்டினால் வாசிப்பவர் வானத்தைப் பார்க்கமாட்டார். மூத்த உறுப்பினர் ஒருவரும், “சண்டைக் கதை பார்த்தது காணும் தம்பி, வேற பேர் வையுங்கோ” என்றார். “பூமிப் பாதுகாப்பு” என்று மாற்றினோம். விண்கற்களைக் கவனிக்க நாசா 2016இல் தொடங்கிய அலுவலகத்தின் பெயரும் கிட்டத்தட்ட இதுவே என்று பிறகுதான் தெரிந்தது.

பெப்ரவரி 9ஆம் திகதிக் கூட்டத்தை யாரும் மறக்கமாட்டார்கள். ஆசிரியை ஒருவர், எதிரி முதலில் மின்சாரத்தில்தான் கைவைப்பான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீற்றர் உயரத்தில் 1.4 மெகாதொன் அணுகுண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,450 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, செய்மதிகள் பழுதாயின. அந்த வெடிப்பின் படத்தைத் திரையில் போட்டார். நேரம் பதினொன்றரை இருக்கும். திரை இருண்டது, மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவருடைய ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினோம். காலி வீதிக் கடைகளில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நாடு முழுவதும் மின்சாரம் இல்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று பின்னர் அமைச்சர் சொன்னார். “குண்டு எதற்கு, குரங்கு போதும்” என்று கூட்டக்குறிப்பில் எழுதும்படி பொருளாளர் கேட்டுக்கொண்டார். எழுதியிருக்கிறேன்.

மார்ச் கூட்டத்துக்கு ஆள் வரவு போதாது. ஏப்ரல் கூட்டம் புத்தாண்டுக்கு முதல் நாளில் விழுந்ததால் 6ஆம் திகதிக்கு முன்தள்ளி, ரேஸ்கோர்ஸ் பக்கம் கூடினோம். என் கணக்கில் ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான். வானத்திலிருந்து எதிரி வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொழும்பு ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1942 ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து கிளம்பிய கடலினா விமானத்தின் கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சல், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். அவருடைய விமானம் சுடப்பட்டது, அவர் சிறைபிடிக்கப்பட்டார். ஆனால் அதற்குள் தகவல் கரைக்கு வந்துவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல இரவோடு இரவாக வெளியேறித் தப்பின. அந்த எச்சரிக்கையின் முழுப் பலனும் அதுதான். மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலையில் எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையிலேயே நின்றன. ரேடார் நேரத்துக்குச் சொல்லவில்லை. குதிரை ஓடிய இந்த ரேஸ்கோர்ஸில் ஒரு ஓடுபாதை இருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. இங்கிருந்தும் விமானங்கள் எழுந்தன. ஓர் இரவு முழுக்க அவகாசம் இருந்தும் செய்தி கடைசி ஆளுக்குப் போய்ச்சேரவில்லை என்பதைச் சொன்னபோது, நம் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்து கிடப்பதை ஒருவர் நினைவூட்டினார். அது வேறு கதை. வேறு கதை இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஜூலை 13 கூட்டத்துக்குத் தலைப்புத் தேடவேண்டியிருக்கவில்லை. அந்த மாதம் முதலாம் திகதிதான் சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி, வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்த வால்வெள்ளியைக் கண்டிருந்தது. 3ஐ/அட்லஸ் என்று பெயர் வைத்தார்கள். அது சூரியனை நெருங்கியது ஒக்ரோபர் இறுதியில். அதாவது கண்டதிலிருந்து நான்கு மாதம். 2017இல் வந்த ஓமுவாமுவாவைக் கண்டதோ அது சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போதுதான். வீட்டுக்குள் வந்துபோனவனின் முதுகைப் பார்த்தது போல. நம் கையில் உள்ள ஆயுதம் என்ன என்றால், 2022 செப்டெம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டிமோர்ஃபோஸ் என்ற 160 மீற்றர் அகல விண்கல்லில் மோதி, பெரிய விண்கல் ஒன்றை அது சுற்றும் காலத்தை அரை மணி நேரம் அளவுக்குக் குறைத்தது. ஏவியதிலிருந்து மோதும்வரை பத்து மாதம். அந்தக் கல்லோ ஒதுங்க நினைக்காத கல்.

அதே கூட்டத்தில் நமது கணித ஆசிரியர் வெண்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் வரும் ஒரு கிலோ கல் மோதினால், ஹிரோஷிமா குண்டு ஏழின் சக்தி. ஒரு கிலோ, ஒரு சீனிப் பக்கற். நட்சத்திரம் தாண்டி வரத் தெரிந்தவனுக்கு இறங்கவே தேவையில்லை. மேட்டில் நின்று கல்லை உருட்டிவிட்டால் சரி. இதற்குப் பிறகு இளைஞர்கள் பதுங்குகுழி, டாங்கி என்று பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. பூமிக்கு இருக்கும் ஒரே தந்திரம், தூரத்திலேயே காண்பது. கண்டதை ஒருவர் விடாமல் சொல்வது.

பொது எதிரி வந்தால் மனிதர் ஒன்றுபடுவார்கள் என்பது செப்டெம்பர் விவாதம். 1987இல் ஐ.நா. பொதுச்சபையில் ரீகனும் இதைத்தான் சொன்னார். எதிரணியில் பேசியவர் ரீகனைத் தொடவே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணப் பணி செய்ய 2005 ஜூனில் கையெழுத்தான பொதுக்கட்டமைப்பும் அடுத்த மாதமே நீதிமன்றத்தில் தடைப்பட்டதும் நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வாக்கெடுப்பு எடுக்கவில்லை.

நவம்பர் 9 கூட்டம் தற்செயலாக எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914இல் கொக்கோஸ் தீவருகே முடிந்துபோன அதே நாளில் வந்தது. அந்தக் கப்பல் சென்னையில் குண்டுபோட்டதிலிருந்து கெட்டிக்கார ஆளை நாம் ‘எம்டன்’ என்கிறோம். வந்தவர்கள் பதினொருவர், வடை மிஞ்சியது.

அதே மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. களனி கரையோரம் இருக்கும் நம் உறுப்பினர்கள் இரு குடும்பத்தார் மேல்மாடியில் இரவைக் கழித்தார்கள். ஒருவருக்கு எச்சரிக்கை அவர் வாசிக்கக்கூடிய மொழியில் வரும்போது தண்ணீர் படிக்கட்டின் மூன்றாம் படியில் நின்றது. செயலாளர் என்ற முறையில் நான் அன்று மாலையே குழுவில் செய்தி போட்டேன். பழைய குழுவில். அவர் இருந்தது புதிய குழுவில். டிசெம்பர் 14 கூட்டத்தில் இதை நானே எழுந்து சொன்னேன். இங்கேயும் பதிவு செய்கிறேன். வட்டத்தின் கையிருப்பிலிருந்து இரு குடும்பத்துக்கும் அரிசி, பாய், பாடசாலைக் கொப்பிகள் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இரண்டு குழுக்களையும் ஒன்றாக்கியாயிற்று. அத்துடன், ஒருவர் மூவருக்கு அழைத்துச் சொல்லும் தொலைபேசிப் பட்டியல் ஒன்றும் தயாராகிறது. அதில் இன்னும் நான்கு இடம் வெறுமையாக இருக்கிறது. படிவமும் பேனையும் வாசல் மேசையில், தேநீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

செயலாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 06