முகம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் வாசகர் படங்களைத் தவறாமல் பார்க்கிறவன் நான். காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பதால் கண் முதலில் அங்கேதான் போகும். சமீப காலமாக ஒன்று உறுத்துகிறது. ஒகேனக்கல் பரிசலில் ஒரு பெண் என்று குறிப்பு சொல்கிறது. படத்தில் முகம் பளிச்சென்று இருக்கிறது. பாறைச் சுவரும் இல்லை, துடுப்புப் போடுகிறவரும் இல்லை, காவிரியே இல்லை. எல்லாம் ப்ளர்.

பின்னணியை மங்கலாக்குவது தப்பென்று சொல்ல வரவில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் படமெடுத்தால் ஃப்ளெக்ஸும் கரன்ட் கம்பியும் முகத்தோடு போட்டி போடும். அங்கே லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து பின்னணியை மங்கலாக்குவதுதான் சரி. தை, மாசியில் எங்கள் பக்கத்து மாந்தோப்புகள் பூத்திருக்கும்போது, ஒரே ஒரு பூங்கொத்தையும் அதிலிருக்கும் தேனீயையும் மட்டும் தெளிவாக்கி எடுத்தால் அந்த அழகே தனி.

கல்யாண வீட்டிலும் அதையே செய்தால் எப்படி? ஃபுல் ஃபிரேம் கேமராவில் (ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் இதில் பெரியது) 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் துளை பெரிதாகும்), 2 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட வராது. மணமக்கள் தெளிவாக இருப்பார்கள், பின்னால் நிற்கும் தாய்மாமன் அடையாளமே தெரியமாட்டார். எஃப் 8-க்குப் போனால் முக்கால் மீட்டருக்குமேல் கிடைக்கும். இரண்டடி பின்னால் நகர்ந்தால் இன்னும் கூடும்.

செல்போன் சென்சார் சின்னது. சாதாரணமாக எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் மோடில் போன் தானே கணக்குப் போட்டுப் பின்னணியை அழிக்கிறது. அந்தக் கணக்கு தப்பும் இடங்களை நான் தினமும் பார்க்கிறேன். இறந்துபோன ஒரு பாட்டியின் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார்கள். காதோரத்து நரைமுடி பாதியோடு நின்றுவிட்டது, கொண்டையில் வைத்த கனகாம்பரம் ஒரு பக்கம் கரைந்திருந்தது. அவர் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த திண்ணை தெரிய வேண்டும் என்று மகன் கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அதை எங்கிருந்து கொண்டுவருவது? போனில் அசல் படம் இருந்திருந்தால், பல போன்களில் மங்கலைப் பிறகும் குறைக்கலாம். அதனால் அசலை அழிக்காதீர்கள்.

அந்தக் காலப் பெட்டி கேமராவில் ஃபோகஸை மாற்றவே முடியாது, லென்ஸ் துளையும் சின்னது. அதனாலேயே பழைய படங்களில் ஆளோடு கிணறும் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றமும் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து கிடைத்தார்கள். அப்படிப்பட்ட படங்களைப் பிரதி எடுக்க வருகிறவர்கள் முகத்தைவிட அந்தக் கிணற்றைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஊர் தெரியும் படங்களுக்கும் வாரம் ஓரிடம் ஒதுக்குங்கள். அப்புறம், படம் அனுப்புகிறவர்கள் எந்த ஊர், எந்த இடம் என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.